பழனி மலையில் பல நாள் நடை: எந்த வழி, எத்தனை நாள், எங்கே தங்குவது?

பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் வடக்கே பழனி மலை சுவர் மாதிரி நிற்கும். இரவில் உச்சியில் கொடைக்கானல் விளக்குகள் மினுக்கும். இந்த மலையில் இருபது வருஷமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். முதுகுப்பையோடு மூன்று நாள், நான்கு நாள் நடக்க ஆசைப்படுகிறவர்கள் வழி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

மலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பாதை இருக்கிறதா?

இல்லை. கிழக்கு மேற்காகச் சுமார் 65 கி.மீ., தெற்கு வடக்காகச் சுமார் 40 கி.மீ. பரந்து கிடக்கும் மலை இது. வழிகாட்டிப் பலகை நட்டு, தங்கும் குடில் கட்டி வைத்த நெடும்பாதை எதுவும் இங்கே கிடையாது. இருப்பவை எல்லாம் துண்டு துண்டான பழைய வழிகள். பொதிக்குதிரை போன தடம், சந்தைக்குத் தலைச்சுமையோடு இறங்கிய ஒற்றையடிப் பாதை, காப்பித் தோட்டத்து வண்டித்தடம், வனத்துறை ஜீப் ரோடு, அப்புறம் சாதாரணத் தார்ச்சாலை. இவற்றில் எதை எதோடு கோப்பது என்பதுதான் திட்டமே. நடுவில் பத்து கிலோமீட்டர் தார்ச்சாலையில் நடக்க வேண்டி வந்தால் வருத்தப்படாதீர்கள். பூம்பாறைப் படிக்கட்டு வயல்களைப் பார்த்தபடி சாலையோரம் நடந்த காலைகளை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, கோக்கக்கூடிய வழிகள் எவை?

நான் மூன்று இழைகளாகப் பார்க்கிறேன்.

தெற்கு இழை: கும்பக்கரை, வெள்ளகவி, வட்டக்கானல், கொடைக்கானல். ஏற்றம் கடுமை, தூரம் குறைவு, பழமை அதிகம்.

மேற்கு இழை: கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. சாலைக் கணக்கில் பூம்பாறை சுமார் 20 கி.மீ., மன்னவனூர் சுமார் 35 கி.மீ. ஏற்ற இறக்கம் மிதமாக இருக்கும், ஊர்கள் தூரம் தூரமாக வரும். மன்னவனூரில் ஏரியும், மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும், பரந்த புல்வெளியும் உண்டு. கூக்காலுக்குத் தனியே பிரிந்து போக வேண்டும். அந்த ஏரிக்காக ஒரு நாளை ஒதுக்கலாம்.

கிழக்கு இழை: பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களங்கொம்பு பக்கம். இது கீழ்ப்பழனி மலை. காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு என்று நிழலிலேயே நடக்கலாம். தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. வழியில் பாதி தனியார் தோட்டம். ஆகவே தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். யானை வரும் பகுதி என்பதால் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் நான் இங்கே நடப்பதில்லை.

வடக்கே வில்பட்டி, பேத்துப்பாறை வழியாகப் பழனிக்கு இறங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பேத்துப்பாறைப் பக்கம் தோட்டங்களில் யானை வந்துபோவது வாடிக்கை. வெளியாட்களுக்கு அந்த வழியை நான் சொல்வதில்லை.

முதல்முறை வருகிறவருக்கு என் யோசனை, தெற்கு இழையும் மேற்கு இழையும் சேர்ந்த நான்கு நாள். முதல் நாள் வெள்ளகவி வழியாக ஏற்றம், இரவு கொடைக்கானல். இரண்டாம் நாள் பூம்பாறை. மூன்றாம் நாள் மன்னவனூர். நான்காம் நாள் கால் எப்படி இருக்கிறதோ அப்படி: கவுஞ்சி, பூண்டி வரை போய்ப் பஸ் பிடிக்கலாம், அல்லது மன்னவனூரிலேயே முடித்துக்கொள்ளலாம்.

கும்பக்கரை–வெள்ளகவி பாதை எப்படி இருக்கும்?

இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த நடை இதுதான். கார்ச் சாலை வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்குப் போனவர்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்துதான் ஏறினார்கள். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் மேலே வீடு கட்டியபோது போனதும் இந்தச் சரிவில்தான். நடக்க முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். தூக்கியவர்களின் கால்களை நினைத்துக்கொண்டு ஏறினால் நம் முதுகுப்பை கனமாகத் தெரியாது.

அடிவாரத்தில் மாந்தோப்பும் வெக்கையும். கொஞ்சம் ஏறியதும் முள்காடு, காய்ந்த புல். அப்புறம் காப்பி, பலா, அவகாடோ நிழல். வெள்ளகவி, வண்டிப் பாதையே இல்லாமல் தலைமுறைகளாக வாழ்ந்த ஊர். அரிசி மூட்டை, சிலிண்டர், சிமெண்ட் எல்லாம் குதிரை முதுகில் வரும். வீட்டுக்கு வீடு கோயில் ஒட்டி இருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். முதல்முறை போனபோது ஷூ லேசை இரண்டையும் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தேன். மூன்று மணி நேரம் ஷூவுக்குள் வெந்த பாதம் குளிர்ந்த கல்லில் பட்டதும் உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. திண்ணையில் காப்பிக்கொட்டை காயப் போட்டிருந்த பாட்டி, "பார்த்து நடப்பா, கல்லு வழுக்கும்" என்றார்கள்.

வெள்ளகவிக்கு மேலே மூச்சு வாங்கும். டால்பின் மூக்குப் பாறையைத் தொட்டு வட்டக்கானலில் போய்ச் சேரும்வரை கல்லும் வேரும் படிக்கட்டாக அமைந்த செங்குத்து. மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

ஏறுவது நல்லதா, வட்டக்கானலிலிருந்து இறங்குவது நல்லதா?

எல்லாரும் இறங்கத்தான் விரும்புகிறார்கள். நான் ஏறச் சொல்வேன். முழங்கால் பாதிக்கப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இறங்கியவர்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஏறும்போது தளர்ந்துபோனால் திரும்பி இறங்கிவிடலாம். இறங்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டால், களைத்த காலோடு ஏறித்தான் தப்ப வேண்டும். இறங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு கைத்தடி வைத்துக்கொள்ளுங்கள், முந்தின நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன், மூணாறு போகலாமா?

பழைய வரைபடங்களில் கொடைக்கானல்–மூணாறு சாலை கோடு போட்டுத் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி வருகிறது. அந்தச் சாலை பல பத்தாண்டுகளாகப் பொதுப் போக்குவரத்துக்கு மூடியிருக்கிறது. பேரிஜம் ஏரி வரைக்கும்கூட வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக முடியும். அந்த ஏரித் தண்ணீர்தான் எங்கள் பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர். அதற்கு அப்பால் நடப்பது இரண்டு மாநில வனத்துறைகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே. கிளாவரையிலிருந்து கடவரி, வட்டவடைப் பக்கம் போவதும் அப்படித்தான். உள்ளூர் மக்கள் கல்யாணம், காரியத்துக்குப் போய்வருகிறார்களே என்று கேட்கலாம். அது அவர்கள் சொந்தபந்தம் போய்வரும் வழி. அதை நம் உரிமையாக எடுத்துக்கொள்ள முடியாது.

அனுமதி எங்கே, எப்படி வாங்குவது?

தார்ச்சாலையிலும் ஊர்ப் பாதையிலும் நடக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் கேட்க வேண்டும். கொடைக்கானல் காடுகளில் பெரும்பகுதி 2013-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் உள்ளே போவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. முன்பதிவு இணையத்தில்தான், கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி வருவார். வட்டக்கானல்–வெள்ளகவிப் பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த நடைகள் ஒரு பகலில் முடிபவை. ஆகவே பல நாள் திட்டம் போடுகிறவர்கள் காட்டுப் பகுதிக்கு இந்த முன்பதிவையும், மற்ற நாட்களுக்கு ஊர்ச்சாலையையும் வைத்துக் கோத்துக்கொள்ளலாம். முதலில் முன்பதிவுத் தேதி கிடைக்கட்டும், அப்புறம் ரயில் டிக்கெட் போடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

காரில் மேலே வருவதாக இருந்தால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம்?

கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போடுவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. சமவெளியில் காலையில் பத்து கிலோமீட்டர் நடக்கிறேன் என்பார்கள். மலைக்கு வேறு கணக்கு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம்.

கும்பக்கரை ஏற்றத்தில் போட்டுப் பார்ப்போம். தூரத்தை 12 கி.மீ. என்றும் ஏற்றத்தை 1,500 மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கு இரண்டரை மணி, ஏற்றத்துக்கு இரண்டரை மணி, ஆக ஐந்து மணி நேரம். இது ஸ்காட்லாந்துக் குளிரில், நிற்காமல் நடக்கிறவருக்கு. பத்து கிலோ சுமை, நம்மூர் வெயில், சாப்பாடு, போட்டோ எல்லாம் சேர்த்து ஒன்றரையால் பெருக்குங்கள். ஏழரை மணி வரும். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மதியம் இரண்டு. மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாயும், ஆக நான்கு மணி நேரம் கையிருப்பு. ஒன்பது மணிக்கு டிபன் முடித்துக் கிளம்பினால் கையிருப்பு ஒன்றரை மணிதான். ஒரு கால் சுளுக்கு போதும் அதைத் தின்ன.

மேற்கு இழையில் 15 முதல் 20 கி.மீ. வரை தாராளமாக வைக்கலாம்.

மாற்று வழி என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். ஒவ்வொரு நாளுக்கும் தாளில் மூன்று வரி எழுதுங்கள். நடக்கப் போகும் வழி ஒன்று. மழையோ மஞ்சோ வந்தால் நடக்கும் வழி ஒன்று. யாருக்காவது முடியாமல் போனால் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் இடம் ஒன்று. மூன்றாவது வரியை எழுத முடியாத நாள் திட்டத்திலேயே இருக்கக் கூடாது. பூம்பாறை, மன்னவனூர் நாட்களில் இது சுலபம், பஸ் போகும் சாலை எப்போதும் பக்கத்தில் இருக்கும். வெள்ளகவி நாளில் கஷ்டம். அங்கே வண்டி ஏறும் இடம் ஒன்று கும்பக்கரை, இல்லையென்றால் வட்டக்கானல். நடுவில் வெள்ளகவி மட்டுமே அடைக்கலம்.

இதை நான் கற்றது ஒரு கார்த்திகை மாதத்தில். மூன்று பேர் வட்டக்கானலிலிருந்து இறங்கினோம். காலையில் மேலே நல்ல மழை கொட்டி ஓய்ந்திருந்தது. கீழே வர வர வெயில், வானம் பளிச்சென்று இருந்தது. கும்பக்கரைக்குச் சற்று மேலே ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். எப்போதும் கணுக்கால் அளவுதான். அன்று தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது, சருகும் சுள்ளியும் சுழன்று வந்தன. நின்று பார்த்த பத்து நிமிஷத்தில், நாங்கள் அடையாளம் வைத்த ஒரு கல் மூழ்கிப்போயிற்று. எங்கள் திட்டத்தில் இரண்டாவது வரி இல்லை. மேலே ஏறி இருட்டுவதற்குள் வெள்ளகவி சேர்ந்தோம். முன்பின் தெரியாத ஒரு வீட்டில் பாய் விரித்துக் கஞ்சி ஊற்றினார்கள். கும்பக்கரைக்கு வரும் பாம்பாறு வட்டக்கானல் பக்கத்திலிருந்து இறங்குவது. அடிவாரத்து வானத்தைப் பார்த்து அதன் வெள்ளத்தைக் கணிக்க முடியாது. தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகு கூட்டமாக வந்தாலோ, மேலே மழை என்று அர்த்தம். உடனே கரையேறிவிட வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும். இரவில் உறைபனி விழும், அதிகாலையில் கொடைக்கானல், மன்னவனூர்ப் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குளிர் கூடும். பெரியகுளத்து இரவை வைத்து ஸ்வெட்டர் எடுக்காதீர்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மலைக்குப் பெரிய மழை அதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் இங்கே வரை வந்து மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. ஜூன், ஜூலையில் தூறலும் காற்றும்தான், நடக்கலாம். சோலையோரம் அட்டை ஏறும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை காட்டுப் பாதை வேண்டவே வேண்டாம். 2018 மார்ச் 11-ஆம் தேதி, எங்கள் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இழந்தோம். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். சரிவு பத்து டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஓடி ஜெயிக்க முடியாது. 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அரசும் பாதைகளை மூடி வைத்தது. எந்த மாதமாக இருந்தாலும் காட்டுக்குள் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

குறிஞ்சி பூக்கும்போது வரலாமா?

2006, 2018 என்று பூத்தது. அடுத்தது 2030. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. இப்போதே ஆசைப்பட்டு வைக்கலாம்.

டென்ட் போட்டுத் தங்கலாமா?

காட்டில் கூடாது. ஊரில் தங்குங்கள். கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூரில் தங்கும் வீடுகள் உண்டு, முன்கூட்டியே பேசிவைக்கலாம். டென்ட்டும் அடுப்பும் இல்லாவிட்டால் முதுகில் நான்கு கிலோ குறையும். அந்த நான்கு கிலோ இரண்டாம் நாள் காலையில் உங்கள் முழங்காலுக்குத் தெரியும்.

தண்ணீர், சாப்பாடு?

ஆளுக்கு மூன்று லிட்டர் தூக்குங்கள், கும்பக்கரை ஏற்றத்துக்குக் குறைக்காதீர்கள். சோலைக்குள்ளிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, தங்கும் வீட்டில் காய்ச்சிக் குடிக்கலாம். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் தளபுளவென்று மூன்று நிமிஷம் கொதிக்க விடுங்கள். மேற்கு இழையில் ஓடைத் தண்ணீரை நம்பாதீர்கள். மேலே பூண்டு, கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் இருக்கின்றன. மருந்து கலந்த தண்ணீரைக் காய்ச்சினாலும் மருந்து போகாது. ஊர்க்குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடையும் கட்டணமும் உண்டு, எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

முதல் நாளுக்குப் புளிசாதம். மற்ற நாட்களுக்கு அவல், பொட்டுக்கடலை, கருப்பட்டி, கடலை மிட்டாய். இரவு ஊரில் சுடுசோறு கிடைக்கும்.

காட்டுமாடு எதிரே வந்தால்?

வரும். கொடைக்கானல் பஜாரிலேயே வரும். நின்றுவிடுங்கள். அது போக வழி விட்டு, பின்பக்கமாக அடி வைத்து விலகுங்கள், குறுக்கே போகாதீர்கள். தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டால் பெரிய மரத்துக்குப் பின்னால் போங்கள். ஒற்றையாக நிற்கும் ஆண் மாட்டிடம் கூடுதல் கவனம் வேண்டும். மஞ்சில் நடக்கும்போது பேசிக்கொண்டே போங்கள். சத்தமில்லாமல் கிட்டே போய்த் திடுக்கிட வைப்பதால்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

போன் மேப் போதாதா?

வெள்ளகவிச் சரிவில் சிக்னல் வரும், போகும். இணையமில்லாமல் வேலை செய்யும் மேப்பை முந்தின நாளே இறக்கி வையுங்கள். கூடவே இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருங்கள். அதில் ஓர் உயரக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்து. வழியை முடிவு செய்ய அந்த நெருக்கத்தைப் பார்ப்பதைவிட நல்ல பழக்கம் இல்லை. ஆனால் வரைபடத்தில் உள்ள கோடு இன்றைக்கும் பாதையாக இருக்கிறதா என்பதை ஊர்க்காரர்தான் சொல்வார்.

நீலகிரியில் இதேபோல் நடக்கலாமா?

இன்னும் கட்டுப்பாடு அதிகம். மேற்கே முக்குருத்தி தேசியப் பூங்கா, வரையாட்டின் வீடு. அங்கே நம் இஷ்டப்படி நுழைய முடியாது. அவலாஞ்சிப் பக்கம் மழை வேறு ரகம். 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அரசு திறந்திருக்கும் ஒரு நாள் பாதைகளைத் தனித்தனியாக நடந்து, இரவு ஊட்டியிலோ கோத்தகிரியிலோ தங்குவதே அங்கே சரிப்படும்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்?

அந்த மூன்று வரித் தாளின் ஒரு நகலைக் கொடுங்கள். தினமும் எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். தங்கப்போகும் வீட்டுக்காரர், வழிகாட்டி, வனச்சரக அலுவலகம், அப்புறம் 112. என் மனைவி அந்தத் தாளை அடுப்படியில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, நான் போன் செய்யச் செய்ய ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வருவாள்.